மூன்றாவது ஓரம்

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்று முத்திரை குத்திய கை மட்டும் சும்மா இருந்துவிடுமா? வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு ஆன கிளிஃபர்ட், முதலில் சமையலறைத் தட்டுகளை அளவு வாரியாக அடுக்கினார். அப்புறம் மசாலா டப்பாக்களுக்குச் சீட்டு ஒட்டினார். அப்புறம் வாசலில் கோடு போட்டுச் செருப்புகளை ஆள் வாரியாக நிறுத்தினார். ஒட்டவும் கோடு போடவும் வீட்டில் வேறு எதுவும் மிஞ்சாமல் போனதும் சோபாவில் உட்கார்ந்தார். அவர் மனைவி டோரதி, காலைத் தூக்கச் சொல்லிவிட்டு அவருக்குக் கீழே பெருக்கினாள்.

தொழிற்சாலையில் ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது, "கிளிஃபர்ட் எங்கே? கிளிஃபர்ட்டைக் கூப்பிடு" என்று யாராவது கத்துவார்கள். அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது கெலுகோர் வீட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு ஜீவன்கூட அவரைத் தேடுவதில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், 'இந்த வீட்டில் ஒரு சிஸ்டம் கிடையாது' என்று சொல்லிக்கொண்டார்.

சிஸ்டம் இல்லாத இடத்தைத் தேடி அவர் வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. வீட்டு வாசலிலேயே இருந்தது. டோரதியும் அவள் தங்கை மோனிக்காவும் அங்கே ஒரு பெரிய குடையை விரித்து, மாவுக்குள் பூரணம் வைத்து மடித்துப் பொரித்த கறிபாப் விற்று வந்தார்கள். உருளைக்கிழங்கு வைத்தது ஒரு வகை, சார்டின் மீன் வைத்தது ஒரு வகை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆளுக்கு நான்கு வாங்கி, இரண்டை அங்கேயே தின்றுவிட்டு மோட்டார் சைக்கிள் ஏறுவார்கள். கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமிலிருந்துகூட விசேஷத்துக்குச் சொல்லி வாங்குவார்கள். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. எப்படி நடக்கிறது என்பதுதான் கிளிஃபர்ட்டுக்குப் பிடிபடவில்லை. மாவு எவ்வளவு? கை சொல்லும். வேலை எப்போது தொடங்கும்? மோனிக்கா வந்ததும். மோனிக்கா எப்போது வருவாள்? அடுத்த தெருவில் பேச ஆள் தீர்ந்ததும்.

எல்லாவற்றையும்விட அவர் கண்ணை உறுத்தியது கறிபாப்பின் ஓரம். டோரதி விளிம்பைக் கயிறு திரித்த மாதிரி சின்னச் சின்னதாக மடித்துக்கொண்டே போவாள். மோனிக்காவுக்கு அவ்வளவு பொறுமை ஏது? முள்கரண்டியால் நறுக் நறுக்கென்று அழுத்திவிட்டு அடுத்ததை எடுப்பாள். டோரதிக்கு உருளைக்கிழங்கு, மோனிக்காவுக்குச் சார்டின் என்பது கடை போட்ட நாளிலிருந்தே உள்ள ஏற்பாடு. ஒரே கடை, ஒரே குடை, ஆனால் இரண்டு விதமான ஓரம்! தொழிற்சாலையிலிருந்து இப்படி ஒரு சரக்கு வெளியே போயிருந்தால் சரக்கு வாங்கும் ஜப்பான்காரன் விமானம் ஏறி வந்திருப்பான்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது கிளிஃபர்ட் தொண்டையைச் செருமினார்.

"இனிமே கடைய நான் நிர்வாகம் பண்றேன்."

"எத, அந்தக் குடையவா?" என்றாள் மோனிக்கா.

"சிரிக்காத லா. நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் செய்யிறீங்க. ஆனா டீம்வொர்க் இல்ல. யாரு எதுக்குப் பொறுப்புன்னு இல்ல. நாளைக்கு வருமான வரிக்காரன் கணக்கு கேட்டா என்னத்தக் காட்டுவீங்க? காசு போட்டு வைக்கிற அந்த பிஸ்கட் டின்னையா?"

கிண்டலுக்கு அசையாத டோரதி வருமான வரி என்ற சொல்லுக்குக் கொஞ்சம் அசைந்தாள். அதோடு, புருஷன் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதை அவளும் எத்தனை நாளைக்குத்தான் பார்ப்பாள்?

"சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாருங்க," என்றாள். "ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். உங்களால ஒரே ஒரு கஸ்டமர் நின்னுபோனாலும் நீங்க உள்ள போயி டிவி பாக்கணும். அப்புறம் கடைப் பக்கம் தலை காட்டக்கூடாது."

கிளிஃபர்ட்டுக்கு அது போதும். அன்று சாயங்காலமே ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் மாட்டினார். டோரதி, மேனேஜிங் டைரக்டர். மோனிக்கா, உற்பத்தி மேலாளர். கிளிஃபர்ட், பொது மேலாளர்.

மோனிக்கா மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டாள். "வேலை செய்யிற ஆளு யாரு அத்தான்?"

அடுத்து, தினமும் காலையில் ஐந்து நிமிஷக் கூட்டம் வந்தது. மோனிக்கா வாயைத் திறந்தால் அது அரை மணி நேரமாகும். மாவு உருட்ட எத்தனை விநாடி, உள்ளே வைக்க எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நின்றார். பூரணத்தைத் தராசில் நிறுத்துத்தான் வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டார். பொரிக்கும் நேரத்துக்கு மணியடிக்கும் கருவி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியான மைலோ டின் ஒன்றில் துளை போட்டு, 'சொந்த எடுப்பு' என்று எழுதி வைத்தார்.

"இது என்னாங்க?" என்றாள் டோரதி.

"கடை வேற, வீடு வேற. கணக்குல அதுதான் முதல் பாடம். வீட்டு ஆளு ஒரு கறிபாப் தின்னா அதுல காசு ஒரு வெள்ளி போடணும்."

"நான் செஞ்சத நான் தின்னா காசு கட்டணுமா?"

"நீ செய்யும்போது நீ கடை. திங்கும்போது நீ வீடு."

டோரதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப உங்களக் கட்டிக்கிட்டது கடையா, வீடா?"

கிளிஃபர்ட் டின்னைத் துடைக்க ஆரம்பித்தார். டின்னும் பெரிதாக நிறையவில்லை. அக்கா தங்கை இருவருக்கும் தம்பியான ஆர்தர் தினமும் வேலை முடிந்து வரும்போது இரண்டு கறிபாப்பைத் தின்றுவிட்டு, டின்னைப் பயபக்தியோடு ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவான்.

பொது மேலாளரின் பெரிய திட்டம் புரட்டாசி தொடங்கும் சமயத்தில் வந்தது. பிளாஸ்டிக் அச்சு. மாவு வட்டத்தை வைத்து, பூரணத்தை வைத்து, மடக்கி அமுக்கினால் கறிபாப் தயார். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் ஒரே ஓரம். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அச்சைப் பார்த்து அதிகம் குதித்தது மோனிக்காதான். "அம்மாடி, இனிமே முள்கரண்டியே வேணாம்!" என்றாள். டோரதிக்கும் மணிக்கட்டு வலி. இரண்டு பேரும் அச்சை மாறி மாறி அமுக்கிச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். தட்டில் வரிசையாக ஒன்றுபோல் கிடந்த கறிபாப்களைப் பார்த்துக் கிளிஃபர்ட்டுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை.

எது உருளைக்கிழங்கு, எது சார்டின் என்று தெரியவேண்டாமா? அதையும் அவர் யோசிக்காமல் இல்லை. உருளைக்கிழங்குக்குப் பச்சை ஸ்டிக்கர், மீனுக்குச் சிவப்பு. தட்டுக்கு முன்னால் ஒன்று, பெட்டி மூடியில் ஒன்று.

மாணவர்கள் வழக்கம்போல் வாங்கினார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உருளைக்கிழங்கு மிஞ்ச ஆரம்பித்தது. பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை செய்யும் பிரமிளா என்ற பெண், வெள்ளிக்கிழமை தவறாமல் வாங்குகிறவள், ஒரு நாள் தட்டைக் குனிந்து பார்த்தாள். ஒரு கறிபாப்பைத் திருப்பிப் பார்த்தாள். "அடுத்த வாரம் வாங்கிக்கிறேன் அங்கிள்" என்று போய்விட்டாள். கிளிஃபர்ட் பலகையில் 'சந்தை மந்தம்' என்று எழுதி, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு போட்டார்.

இந்த நிலைமையில்தான் ஒரே சனிக்கிழமைக்கு இரண்டு பெரிய ஆர்டர் வந்தது. பாகான் டாலாம் ஜெயலெட்சுமியின் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைப் படையல். வருஷா வருஷம் அவள் வீட்டுக்கு வருகிற அக்கம்பக்கத்துக்கு இந்தக் கடை உருளைக்கிழங்குக் கறிபாப்தான். இருநூறு வேண்டும். ஜெயலெட்சுமி கடையின் முதல் வாடிக்கையாளர், குடை வாங்குவதற்கு முந்தியே வந்தவள். அன்றைக்கே ஆர்தருக்குத் தேவாலய இளைஞர் கூட்டத்துக்கு இருநூறு சார்டின்.

நானூறையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டார்கள். டோரதி எப்போதும்போல உருளைக்கிழங்கைத் தனிச் சட்டியில், புது எண்ணெயில், முதலில் பொரித்தாள். அச்சு வேலை செய்த வேகத்தைப் பார்த்துக் கிளிஃபர்ட் நெஞ்சை நிமிர்த்தினார். பெட்டிக்கு ஐம்பது என்பது அவர் கணக்கு. பச்சை மூடி நான்கு, சிவப்பு மூடி நான்கு. மேசைமேல் அடுக்கிவிட்டு, பாலத்துக்குக் கிளம்புமுன் குளிக்கப் போனார்.

குளித்துவிட்டு வந்தபோது ஆர்தர் தன் ஆர்டரை எடுக்க வந்திருந்தான். அந்த வீட்டுக்கு வந்தவர்கள் வாயில் எதையாவது போடாமல் திரும்பக்கூடாது. கடன் கேட்டு வந்தவனுக்கும் அங்கே முதலில் தேத்தண்ணி. டோரதி மேசைப் பக்கம் கைகாட்ட, ஆர்தர் ஒரு பச்சை மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டான்.

"அக்கா, மீனு இன்னிக்கு சூப்பர்."

சமையலறையில் எல்லாக் கையும் அப்படியே நின்றது.

"என்னா சொன்ன?" என்றார் கிளிஃபர்ட்.

"மீனு நல்லாருக்குன்னேன் மச்சான். டின்னுல காசு போடணுமா?"

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. சூடான கறிபாப்பை மூடி வைத்தால் ஆவியில் நமத்துப்போகும். அதனால் மோனிக்கா எல்லா மூடியையும் கழற்றி வைத்திருக்கிறாள். ஆறிய பிறகு கைக்குக் கிடைத்த மூடியை எடுத்து மூடியிருக்கிறாள். அவள் செய்தது சரிதான். ஸ்டிக்கரை மூடியில் ஒட்டினால் அது மூடிக்குத்தானே அடையாளம், பெட்டிக்கு எப்படி அடையாளம் ஆகும்? முப்பது வருஷத் தர நிர்ணயக்காரருக்கு அது தோன்றவில்லை.

"பதறாதீங்க," என்று எல்லோரையும்விட அதிகமாகப் பதறிக்கொண்டு சொன்னார் கிளிஃபர்ட். "மூடிதானே மாறுச்சு. பெட்டிக்கு ஒண்ணு உடைச்சுப் பார்ப்போம்."

எட்டுப் பெட்டியிலும் ஒவ்வொன்றை உடைத்தார்கள். நான்கில் உருளைக்கிழங்கு, நான்கில் மீன். கிளிஃபர்ட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மூடிகளை மாற்றினார். போன உயிர் திரும்பி வந்தது.

அப்போதுதான் டோரதி முந்தானையைத் திருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "என்னங்க... மூடின பெறகு நான் எண்ணிப் பார்த்தேன். ஒரு பச்சைப் பெட்டில கூட இருந்துச்சு, ஒரு பச்சைப் பெட்டில குறைஞ்சுது. சரியா அம்பது இருக்கணும்னீங்களே. அதுலேருந்து எடுத்து இதுல போட்டேன்."

"எத்தனை?"

"ரெண்டோ, மூணோ."

"எந்தப் பெட்டி?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? எல்லாந்தான் ஒரே மாதிரி இருக்கே!"

அவள் குரலில் அழுகை எட்டிப்பார்த்தது. கிளிஃபர்ட் ஒரு கறிபாப்பைத் தராசில் வைத்தார். இன்னொன்றை வைத்தார். ஒரே எடை, பூரணத்தை நிறுத்து வைக்கச் சொன்னவரே அவர்தான். நிறத்தைப் பார்த்தார். ஒரே நிறம்; மணியடித்துப் பொரிக்கச் சொன்னதும் அவரேதான். முகர்ந்து பார்த்தார். வீடே மீன் வாடை. பக்கத்து வீட்டுப் பூனையை விட்டுப் பார்க்கலாமா என்று மோனிக்கா கேட்டாள். அந்தச் சமயத்தில் அது விளையாட்டா வினையா என்று யாருக்கும் புரியவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கிளிஃபர்ட் அந்த ஆண்டியாக நடுச் சமையலறையில் நின்றார்.

"இருநூறுல ரெண்டு மூணுதானே மச்சான்?" என்றான் ஆர்தர். "யாருக்குத் தெரியப் போகுது?"

அது கிளிஃபர்ட்டுக்கும் தோன்றாமல் இல்லை. நூற்றுக்கு ஒன்று பழுது என்றால் தொழிற்சாலையில் கேக் வெட்டிப் படம் எடுப்பார்கள். பேசாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் ஜெயலெட்சுமிக்குத் தெரியாது, அவர் பதவியும் நிற்கும். சொன்னால் இத்தனை வருஷத்து வாடிக்கை போகும். ஒரே ஒரு கஸ்டமர் நின்றாலும் டிவி என்று டோரதி சொல்லியிருக்கிறாள். மறுபடி அந்தச் சோபா, அந்தச் சுவர்.

டோரதியைப் பார்த்தார். அவள், நீங்கள்தானே பொது மேலாளர் என்பதுபோல நின்றாள். பெட்டிகளைப் பார்த்தார். நூற்றில் ஒன்று என்பதெல்லாம் கணக்கு எழுதுகிறவனுக்கு. மாதம் முழுக்க விரதம் இருக்கிற ஒரு மனுஷி கையில் அந்த ஒன்று போனால், அவளுக்கு அது நூற்றுக்கு நூறு. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரிஜெக்ட்," என்றார். "நாலு பெட்டியும்."

போனை அவரே எடுத்தார். நடந்ததை ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற ஓசை கேட்டது.

"வெளக்கு அஞ்சரைக்கு ஏத்துறோம் அண்ணே," என்றாள் ஜெயலெட்சுமி. "அஞ்சுக்குள்ள வேற செஞ்சு கொண்டாந்தா வாங்கிக்கிறேன். இல்லன்னா விட்டுடுங்க."

அடுத்த நிமிஷம் டோரதி புடவையை இடுப்பில் சொருகிவிட்டாள். மோனிக்கா உருளைக்கிழங்கு வாங்கப் பாசாருக்கு ஓடினாள். மீன் பட்ட அச்சைத் தொடக்கூடாது என்று டோரதி சொல்லிவிட்டதால் எல்லாம் கை வேலை. ஆர்தர் எட்டுப் பெட்டியையும் தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். இளைஞர்கள் இருநூறு கேட்டார்கள், நானூறு கிடைக்கப்போகிறது.

"இந்த இருநூற எந்தக் கணக்குல எழுதுறது?" என்று கிளிஃபர்ட் வாய்விட்டே யோசித்தார். "கெட்டுப்போச்சுன்னு எழுதினா நட்டம். சும்மா குடுத்தோம்னு எழுதினா விளம்பரச் செலவு. ஆர்தர் தின்னத மட்டும் சொந்த எடுப்புன்னு..."

"என் தலையில எழுதுங்க!" என்றாள் டோரதி. "இப்ப கையக் கழுவிட்டு வந்து மடிங்க. மூணு பேரும் மடிச்சாத்தான் அஞ்சு மணி."

பலகையில் இல்லாத அந்தப் பதவிக்கு, வேலை செய்யிற ஆளுக்கு, கடைசியில் ஆள் கிடைத்தது. டோரதியும் மோனிக்காவும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மோனிக்காவுக்கும் அன்று முள்கரண்டி கிடையாது. அக்காவைப் போலவே கயிறு திரித்தாள். அது அவளுக்குத் தெரியும், பொறுமைதான் தெரியாது. உருட்டுவதும் அள்ளுவதும் மடிப்பதுமாக யாருக்கும் யாரும் உத்தரவு போடாமலே வேலை ஓடியது. மாவு தீரும் முன்னே ஒரு கை மாவை நகர்த்தியது. எண்ணெய் காயும் முன்னே ஒரு கால் எழுந்து போனது. அவர்கள் இடையிலே பேசிக்கொண்டிருந்ததெல்லாம் யார் வீட்டுக் கல்யாணம் எப்போது என்பதுதான். டீம்வொர்க் இல்லை என்று தான் சொன்னது நினைவுக்கு வந்ததும் கிளிஃபர்ட் தலையைக் குனிந்துகொண்டு மடித்தார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. முதல் மடிப்பு தடித்தது, இரண்டாவது கிழிந்தது, மூன்றாவது எதிர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. விளிம்பு நேராகத் தொடங்கி, நடுவில் மலை ஏறி, கடைசியில் வழுக்கி விழுந்தது.

"அட்டைப் பெட்டி மடிக்கிற மாதிரி மடிக்காதீங்க," என்றாள் டோரதி.

"அத்தான், இது கறிபாப்பா, கசங்கின உறையா?" என்றாள் மோனிக்கா.

அவர் மடித்ததை ஒதுக்கினால் எண்ணிக்கை குறையும். வேறு வழியில்லாமல் அந்தக் கோணல்களையும் பெட்டியில் வைத்தார்கள். கிளிஃபர்ட் இந்த முறை மூடியில் ஒட்டாமல், பெட்டியின் பக்கவாட்டிலேயே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்.

சனிக்கிழமை என்பதால் பாலத்தில் நெரிசல். அவர் ஓட்டிய கெரேத்தா நகர்ந்து நகர்ந்து பாகான் டாலாம் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமி வாசலிலேயே நின்றாள். பெட்டியை வாங்கியதும் ஸ்டிக்கரை அவள் பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்து, கறிபாப்பின் ஓரத்தைப் பார்த்தாள். முகம் தளர்ந்தது.

"ஏங்க, வந்திருச்சு," என்று உள்ளே திரும்பிச் சொன்னாள். "பழைய ஓரந்தான்."

உள்ளே நாற்காலியில் அவள் புருஷன் சின்னையா இருந்தார். துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோய் கண்பார்வையைக் குறைத்துவிட்டது. அவர் கையை நீட்ட, ஜெயலெட்சுமி பெட்டியை மடியில் வைத்தாள். சின்னையா ஒரு கறிபாப்பை எடுத்து, விளிம்பை விரலால் தடவினார்.

"கயிறு. கெழங்கு," என்றார். இன்னொன்றைத் தடவினார். "கயிறு."

கிளிஃபர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கயிறென்றால் கிழங்கு, முள்ளென்றால் மீன். இந்த ஊரில் சைவம் சாப்பிடுகிற அத்தனை பேரும் இத்தனை வருஷமாக ஓரத்தைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார்கள். டோரதியும் மோனிக்காவும் அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கே அது தெரியுமோ என்னமோ!

"எங்க மருமக பிரமிளா உங்க கடைக்குத்தான் வெள்ளிக்கிழமை வருவா," என்றாள் ஜெயலெட்சுமி. "ஓரம் மாறிடுச்சு அத்தே, எது எதுன்னு தெரியல, வாங்காம வந்துட்டேன்னா. நானே கேக்கணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே போன் பண்ணிட்டீங்க."

"நான் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேனேம்மா."

"ஸ்டிக்கர யாரு வேணாலும் ஒட்டலாம் அண்ணே. டோரதி மடிப்ப டோரதி வீட்லதான் மடிக்க முடியும்."

அந்த நேரம் பார்த்துச் சின்னையாவின் விரல் நின்றது. ஒன்றை எடுத்து முன்னும் பின்னும் தடவினார். புருவம் சுருங்கியது.

"இது யாரு? கயிறும் இல்ல, முள்ளும் இல்ல. உள்ள என்னா?"

"உருளைக்கிழங்குதாண்ணே. நான் மடிச்சது."

"நீங்க சொல்றீங்க. ஓரம் சொல்லலையே," என்று சின்னையா அதைப் பக்கத்திலிருந்த தட்டில் ஒதுக்கினார். அடுத்த பெட்டியிலும் தடவினார், அடுத்ததிலும். கிளிஃபர்ட் மடித்த எல்லாக் கறிபாப்பும் ஒன்று மிச்சமில்லாமல் தட்டுக்கு வந்துசேர்ந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர் சரக்கை ஒதுக்கியவர், தன் சரக்கு ஒதுக்கப்படுவதை முதல் தடவையாக நின்று பார்த்தார். ஆனாலும் அந்த மனுஷரின் விரல் வேலையை அவரால் மெச்சாமல் இருக்க முடியவில்லை. அவர் தொழிற்சாலையில் இப்படி ஓர் ஆள் இருந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது டோரதியும் மோனிக்காவும் வாசலில் குடைக்குக் கீழேயே காத்திருந்தார்கள்.

"கஸ்டமர் நின்னுட்டாங்களா?" என்றாள் டோரதி.

"இல்ல. அடுத்த சனிக்கிழமைக்கும் நூறு கேட்டிருக்காங்க." கையிலிருந்த பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். "நான் செஞ்சது மட்டும் திரும்பி வந்திருச்சு."

நடந்ததைச் சொன்னார். ஓரத்தைப் பற்றிச் சொன்னபோது அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆமா லா," என்றாள் மோனிக்கா, ஏதோ அப்போதுதான் தன் கையைப் பார்த்தவள் மாதிரி. கிளிஃபர்ட் உள்ளே போய் அச்சுகளை எடுத்துப் பையில் கட்டினார். பலகையிலிருந்து தன் பெயரை அழித்தார். அப்புறம் சோபாவில் உட்கார்ந்து, டிவியைப் போடாமல், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டார்.

டோரதி திரும்பி வந்த கோணல்களில் ஒன்றைக் கடித்துக்கொண்டே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"ஓரம் கேவலமா இருக்கு. உள்ள நல்லாத்தான் இருக்கு," என்றாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து சில்லறையாக ஒரு வெள்ளியை எடுத்து மைலோ டின்னில் போட்டாள். டங் என்று சத்தம் கேட்டது. "கஸ்டமர் போனாத்தான் டிவின்னு சொன்னேன். போகலையே. என்னாத்துக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"நான் என்னா செய்யிறது? உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு ஓரம் இருக்கு. நடுவுல நான் எதுக்கு?"

டோரதி தங்கையைப் பார்த்தாள். "மொளகா அரைச்ச நெத்திலிச் சம்பால் வச்சு ஒண்ணு போடணும்னு இவ ரொம்ப நாளா நச்சரிக்கிறா. பிள்ளைங்களும் கேக்குதுங்க. இப்பப் போடலாம்னு பாக்குறேன். போட்டா எதுல எதுன்னு எப்படித் தெரியும்? எங்ககிட்ட ரெண்டு பேரு கைதானே இருக்கு."

கிளிஃபர்ட் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரத்திலிருந்து குடைக்குக் கீழே மூன்று தட்டு. ஸ்டிக்கர் எதிலும் இல்லை. கோணல் ஓரம் என்றால் சம்பால் என்று பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, தின்றே தெரிந்துகொண்டார்கள். பிரமிளா திரும்பி வந்தாள். பலகையில் காலைக் கூட்டம் இருந்த இடத்தில் மோனிக்கா தன் சீட்டுக் கணக்கை எழுதிவைத்தாள். வருமான வரிக்கான கணக்கை மட்டும் கிளிஃபர்ட் விடவில்லை. அந்த நானூறில் பாதியை அவர் விளம்பரச் செலவு என்றே எழுதினார். தேவாலயத்திலிருந்து அதற்குப் பிறகு மூன்று ஆர்டர் வந்திருந்ததால் டோரதியும் மறுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க வேலை குவிந்தது. மடித்து மடித்துக் கிளிஃபர்ட்டின் விரல்களுக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒரு காலையில் டோரதி அவர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது! நேரா வருது. இதக் குடுத்தா கெழங்குன்னு எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. கோணலா மடிங்க, கோணலா!"

கிளிஃபர்ட் அந்தக் கறிபாப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உண்மைதான், விளிம்பு கயிறு மாதிரியே அழகாக வந்திருந்தது. "ரிஜெக்ட்," என்று முணுமுணுத்துப் பிரித்து, மறுபடி மடித்தார். இந்த முறை நடுவில் மலை ஏறி, கடைசியில் வழுக்கி விழுந்தது. சரியான தரம்.

கை கழுவக் குழாயடிக்குப் போனபோது வாசலில் பிள்ளைகள் கூட்டமாக மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"ஆண்ட்டி, கோணல் முடிஞ்சிருச்சா?" என்றது ஒரு குரல். "அங்கிள் எங்க?"

"அங்கிளக் கூப்பிடு!" என்றது இன்னொன்று.

கிளிஃபர்ட், அடுத்த தரமும் கூப்பிடட்டும் என்று குழாயை மூடாமல் இன்னும் கொஞ்ச நேரம் கை கழுவினார்.